அலுவலகத்திற்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சு

முப்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு டெலிபோன் இருக்கிறது. ஆனால் வெளியுலகத்துக்குத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். யாரோ ஒருவர் அந்த எண்ணை அழைத்துக் கணக்குப் பிரிவு வேண்டும் என்கிறார். உடனே கணக்குப் பிரிவில் மணி அடிக்கிறது. அங்கே ஆள் இல்லையானால் அடுத்த மேசையில் அடிக்கிறது. அங்கும் இல்லையானால், செய்தியைச் சொல்லிவிட்டு வைக்கும்படி ஒரு குரல் கேட்டுக்கொள்கிறது. இவையெல்லாம் நமக்குப் பழகிப்போன காரியங்கள். பழகிப்போனதாலேயே நாம் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. வந்த அழைப்பு எந்த மேசைக்குப் போகவேண்டும், எவ்வளவு நேரம் மணி அடிக்கவேண்டும், வெளிநாட்டுக்குப் பேச யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்பனவற்றைத் தீர்மானிப்பது யார்?

தீர்மானிப்பது எக்ஸ்சேஞ்சு என்னும் இணைப்பு நிலையம். அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் சிறு எக்ஸ்சேஞ்சுக்குப் பி.பி.எக்ஸ். என்று பெயர். நெடுங்காலமாக அது பூட்டிய பெட்டியாகவே இருந்துவந்தது. இன்று அது ஒரு சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருளாக மாறிவிட்டது. அந்த மென்பொருளின் மூலத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்ற நிலையும் வந்துவிட்டது. இந்த மாறுதல் எவ்வாறு நிகழ்ந்தது, அத்தகைய எக்ஸ்சேஞ்சை ஓர் அலுவலகத்தில் எவ்வாறு அமைப்பது, அமைப்பவர் ஏற்கவேண்டிய பொறுப்பு யாது என்பவற்றை இப்பேச்சில் பார்ப்போம்.

முதலில் எக்ஸ்சேஞ்சு ஏன் வேண்டும் என்பதைக் கவனிப்போம். கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். இருவர் பேசுவதற்கு ஒரு கம்பித் தொடர் போதும். பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசவேண்டுமானால் 45 தொடர்கள் தேவை. நூறு பேருக்கோ 4,950 தொடர்கள் தேவை! ஊரெல்லாம் கம்பி இழுத்தாலும் முடியாத காரியம் இது. ஆகையால் எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே வேண்டியவரோடு வேண்டியவரை இணைப்பது என்று வழி கண்டார்கள். 1878-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களோடு வியாபார ரீதியான முதல் எக்ஸ்சேஞ்சு திறக்கப்பெற்றது.

அந்நாளில் இணைப்புக் கொடுத்தது மனிதக் கை. ஆபரேட்டர் என்பவர் பலகைக்கு முன் அமர்ந்து, கேட்ட எண்ணுக்குரிய துளையில் கம்பியைச் செருகுவார். கான்ஸாஸ் ஸிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். சவ அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொடுப்பது அவருடைய தொழில். தம்மைத் தேடி வரும் அழைப்புக்களை ஆபரேட்டர் வேண்டுமென்றே போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் சந்தேகித்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியாயினும், ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு அவர் 1891-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது உண்மை. அதன்படி அமைந்த முதல் எக்ஸ்சேஞ்சு 1892-இல் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் வேலை செய்யத் தொடங்கியது.

ஸ்ட்ரோஜர் இணைப்பை ஆபரேட்டரின் கையிலிருந்து மீட்டு யந்திரத்திடம் ஒப்படைத்தார். ஆனால் யந்திரத்தின் சாவியோ அதைச் செய்த கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. அலுவலகங்களில் வந்த பி.பி.எக்ஸ். பெட்டிகளும் அப்படியே. முப்பத்தோராவது டெலிபோனைச் சேர்க்கவேண்டுமானால் அதே கம்பெனியின் அட்டையை வாங்கவேண்டும். மதிய உணவு வேளையில் அழைப்புக்கள் வேறு மேசைக்குப் போகவேண்டுமானால், மாற்றிக்கொடுக்க அந்தக் கம்பெனியின் ஆளே வரவேண்டும். வீட்டைப் பணம் கொடுத்து வாங்கியவன், ஓர் ஆணி அடிக்கவும் விற்றவனைத் தேடிக்கொண்டு போவது போன்ற நிலை அது.

இந்த நிலை மாறத் தொடங்கியது 1999-ஆம் ஆண்டில். மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் அப்போது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர். லினக்ஸ் என்ற திறந்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு உதவி அளிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை அவர் தொடங்கினார். உதவி கேட்போர் டெலிபோனில் அழைப்பார்கள். அவர்களை உரிய ஆளிடம் சேர்ப்பிக்க ஒரு பி.பி.எக்ஸ். வேண்டும். விலையை விசாரித்தார். அவருடைய கையிருப்புக்கு எட்டாத விலை அது. வாங்க முடியாததை எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். அப்படி அவர் எழுதத் தொடங்கிய மென்பொருளே ஆஸ்டரிஸ்க். டெலிபோன் பொத்தான்களில் காணும் நட்சத்திரக் குறிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. கணினி உலகத்தில் அந்தக் குறி "எதுவாயினும் சரி" என்ற பொருளைத் தரும். எவ்வகை டெலிபோனையும் எவ்வகைத் தொடரோடும் இணைக்கவல்லது என்பதால் பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜிம் டிக்ஸன் என்ற வேறொருவர் வேறொரு வழியில் சிந்தித்துக்கொண்டிருந்தார். டெலிபோன் தொடர்களில் வரும் குரலைக் கையாள அதுவரை விலையுயர்ந்த தனிச் சில்லுகளைப் பயன்படுத்திவந்தார்கள். சாதாரணக் கணினியின் வேகமே அந்த வேலைக்குப் போதும் என்று டிக்ஸன் கண்டார். தொடர்களைக் கணினியோடு இணைக்கும் எளிய அட்டை ஒன்றை வடிவமைத்தார். அதன் வரைபடத்தை எல்லோரும் காணும்படி வெளியிட்டார். நிலம் உழுபவருக்கே உரியது என்று போராடிய மெக்ஸிகோ நாட்டுப் புரட்சி வீரர் எமிலியானோ ஸபாட்டாவின் பெயரைத் தம் முயற்சிக்கு வைத்தார். ஸ்பென்சரின் மென்பொருளும் டிக்ஸனின் அட்டையும் ஒன்றுசேர்ந்தன. பூட்டிய பெட்டி செய்த வேலையை ஒரு சாதாரணக் கணினி செய்யலாயிற்று. 2004-ஆம் ஆண்டில் ஆஸ்டரிஸ்கின் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. ஸ்பென்சரின் நிறுவனம் பின்னர் டிஜியம் என்று பெயர் பெற்றது. 2018-இல் கனடா நாட்டு ஸங்கோமா நிறுவனம் அதை வாங்கியது. நிறுவனம் கை மாறியபோதிலும், மென்பொருளின் மூலம் இன்றும் திறந்தே இருக்கிறது.

திறந்த மூலம் என்றால் என்ன? ஒரு மென்பொருளை மனிதர் படிக்கக்கூடிய மொழியில் முதலில் எழுதுகிறார்கள். பின்பு அது கணினிக்கு மட்டும் விளங்கும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. பெரும்பாலான கம்பெனிகள் பின்னதை மட்டும் விற்று, முன்னதை மறைத்துவைக்கும். பலகாரத்தை விற்று, அதைச் செய்யும் முறையை மறைப்பது போன்றது அது. திறந்த மூல மென்பொருளிலோ செய்முறையும் சேர்ந்தே கிடைக்கிறது. ஆஸ்டரிஸ்க் வெளியிடப்பட்டுள்ள பொது உரிமத்தின்படி அதை யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுப்பவர் அந்த மாற்றத்தின் மூலத்தையும் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. தாம் பெற்ற உரிமையை அடுத்தவருக்கு மறுக்கக்கூடாது என்பதே அதன் கருத்து.

இனி, குரல் எவ்வாறு இணையத்தின் வழியே போகிறது என்பதைப் பார்ப்போம். பழைய டெலிபோனில் நம் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாகிக் கம்பியில் ஓடியது. இணைய டெலிபோனில் குரலை எண்களாக மாற்றுகிறார்கள். ஒரு விநாடிக்கு 8,000 முறை குரலின் அளவை எடுத்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் கொண்ட எண்ணாகக் குறிக்கிறார்கள். ஆகவே ஒரு விநாடிப் பேச்சு 64,000 பிட்டுகளாகிறது. ஜி.711 என்ற பழமையான முறை இதுதான். குரலை எண்ணாக்கும் இத்தகைய முறைக்குக் கோடெக் என்று பெயர். குறைந்த பிட்டுகளில் அடக்குவனவும், இதைவிடத் தெளிவாக ஒலிப்பனவுமாகிய வேறு கோடெக்குகளும் உண்டு. 2012-இல் வெளிவந்த ஓபஸ் அவற்றுள் ஒன்று.

இந்த எண்கள் ஆற்று நீரைப்போல் இடைவிடாமல் ஓடுவதில்லை. ஒரு விநாடியை ஐம்பது கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். ஒரு பொட்டலத்தில் குரலுக்குரிய எண்கள் 160 பைட்டுகள். மேலே ஒட்டும் முகவரிச் சீட்டு 40 பைட்டுகள். சரக்கில் நான்கில் ஒரு பங்கு சீட்டு! எல்லாம் சேர்ந்து ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்கு 80,000 பிட்டுகள் ஆகின்றன. அலுவலகத்துக்குள் ஓடும் கம்பியின் சட்டங்களுக்குரியதையும் சேர்த்தால் ஏறக்குறைய 87,000 ஆகும். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு திசையில் பத்து லட்சம் பிட்டுகளுக்குள் அடங்கிவிடும். இன்றைய இணையத் தொடர்களுக்கு இது பெரிய சுமை அன்று.

அப்படியானால் சில சமயம் குரல் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது? பொட்டலங்கள் ஒரே சீராக வந்துசேராததே காரணம். கடிதம் ஒரு நாள் தாமதித்து வந்தாலும் படிக்கலாம். தாலி கட்டி முடிந்த பிறகு வந்துசேரும் மணமாலையால் யாருக்கு என்ன பயன்? குரல் பொட்டலமும் அந்த மாலை போன்றதே. உரிய கணத்தில் வராவிட்டால் அதை எறிந்துவிடவேண்டியதுதான். ஆகையால் வழியில் தொலைந்த குரல் பொட்டலத்தைத் திரும்பவும் அனுப்பும்படி பெரும்பாலும் கேட்பதில்லை. முன்பின்னாக வருவனவற்றைச் சற்று நிறுத்தி வரிசைப்படுத்த ஒரு சிறு தாங்கல் இருக்கிறது. ஆனால் அதிகம் நிறுத்தினால் பேச்சே தாமதமாகிவிடும். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குக் குரல் போய்ச் சேரும் நேரம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் கூடக்கூட, இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்திச் சங்கடப்படுவார்கள்.

குரல் ஒரு பக்கம் இருக்க, யாரை அழைப்பது என்ற செய்தி வேறு வழியில் போகிறது. அதற்குரிய விதிமுறை 1999-இல் வெளியாகி, 2002-இல் திருத்தப்பெற்றது. சிப் என்று அதை வழங்குகிறார்கள். இந்த முறையில் அழைப்பவரின் டெலிபோன் ஓர் அழைப்பிதழை அனுப்புகிறது. அந்தச் செய்திக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருளே அழைப்பு என்பதுதான். "இன்னாரோடு பேச விரும்புகிறேன், இந்த முகவரியில் குரலைப் பெற்றுக்கொள்வேன், இன்னின்ன கோடெக்குகள் எனக்குத் தெரியும்" என்று அதில் எழுதியிருக்கும். எதிர்ப்பக்கம் "மணி அடித்துக்கொண்டிருக்கிறது" என்று பதில் சொல்லும். எடுத்தவுடன் "சம்மதம்" என்று சொல்லும். அழைத்தவர் "அறிந்தேன்" என்று ஒப்புக்கொள்வார். அதன் பிறகே குரல் பொட்டலங்கள் ஓடத் தொடங்கும். பேசி முடித்ததும் ஒருவர் "விடைபெறுகிறேன்" என்ற செய்தியை அனுப்ப, மற்றவர் அதை ஏற்றுக்கொள்வார். மனிதர் கடைப்பிடிக்கும் மரியாதை முறையை யந்திரங்களும் கடைப்பிடிக்கின்றன!

இப்போது நம் முப்பது பேர் அலுவலகத்துக்குத் திரும்புவோம். அங்கே இந்த எக்ஸ்சேஞ்சை அமைக்க என்னென்ன வேண்டும்?

முதலாவது, லினக்ஸ் ஓடும் ஒரு கணினி. முப்பது பேருக்கு மிகப் பெரிய கணினி தேவையில்லை. ஆனால் இரவும் பகலும் நிற்காமல் ஓடவல்லதாக இருக்கவேண்டும். அதில் ஆஸ்டரிஸ்கை நிறுவவேண்டும். கட்டளைகளைக் கோப்பில் எழுதப் பழகாதவர்களுக்காக, திரையில் படிவத்தை நிரப்பியே அமைக்கத்தக்க ஃப்ரீபி.பி.எக்ஸ். போன்ற துணை மென்பொருள்களும் உண்டு. ஆயினும் மாணவர்கள் ஒரு முறையாவது கோப்பைத் திறந்து எழுதிப் பார்ப்பது நல்லது. படிவத்தை நிரப்புகிறவனுக்கு உபயோகம் தெரியும்; கோப்பை எழுதுகிறவனுக்குக் காரணமும் தெரியும்.

இரண்டாவது, மேசைக் கருவிகள். நேரே இணையத் தொடரில் செருகும் டெலிபோன்கள் கிடைக்கின்றன. கணினியிலோ கைப்பேசியிலோ நிறுவும் மென்பொருள் டெலிபோன்களும் உண்டு. பழைய டெலிபோன்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை எறியவேண்டியதில்லை. அடாப்டர் என்ற சிறு பெட்டியின் மூலம் அவற்றையும் இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கருவிக்கும் 101, 102 என்று ஓர் உள் எண்ணும் ஒரு கடவுச்சொல்லும் கொடுக்கவேண்டும். கருவி விழித்தவுடன் எக்ஸ்சேஞ்சிடம் "நான் 101, இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று பதிவு செய்துகொள்ளும். ஊழியர் வேறு அறைக்கு மாறினாலும், வேறு ஊருக்கே போனாலும், அவருடைய எண் அவரோடு போகும்.

மூன்றாவது, வெளித்தொடர். அலுவலகத்துக்குள் பேச எவருக்கும் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. ஆனால் ஊரிலுள்ள மற்ற டெலிபோன்களை அழைக்க, உரிமம் பெற்ற டெலிபோன் கம்பெனியிடம் தொடர் வாங்கியே தீரவேண்டும். இணையக் குரலைப் பொதுத் தொடர்களோடு இணைப்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டம் உண்டு. அதை அறிந்துகொண்ட பிறகே கம்பியைத் தொடவேண்டும்.

நான்காவது, இவை எல்லாவற்றுக்கும் உயிர்நாடியான டயல் பிளான். எந்த எண்ணை அழுத்தினால் என்ன செய்யவேண்டும் என்று எக்ஸ்சேஞ்சுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் கட்டளைத் தொகுதி அது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "101 என்ற எண் வந்தால், முதலில் கணக்காளர் மேசையில் இருபது விநாடி மணி அடி, எடுக்காவிட்டால் 102-இல் இருபது விநாடி அடி, அங்கும் எடுக்காவிட்டால் செய்தியைப் பதிவு செய், பிறகு தொடரை விடு." முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை எண்ணிட்ட எளிய வாக்கியங்கள் இவை. பேச்சின் தொடக்கத்தில், தீர்மானிப்பது யார் என்று கேட்டோமன்றோ? விடை இதுதான். டயல் பிளானை எழுதுகிறவரே தீர்மானிக்கிறார்.

எக்ஸ்சேஞ்சை அலுவலகத்தின் மற்ற வேலைகளோடு இணைப்பதில்தான் இந்த முறையின் சிறப்பு முழுவதும் வெளிப்படுகிறது. பதிவான குரற்செய்தியை மின்னஞ்சலில் அனுப்பலாம். எந்த எண், எப்போது, எவ்வளவு நேரம் பேசியது என்ற விவரத்தைத் தரவுத்தளத்தில் சேர்த்து, மாதக் கணக்கோடு ஒப்பிடலாம். மற்ற மென்பொருள்களோடு உறவாட ஆஸ்டரிஸ்கில் வாயில்கள் உண்டு. ஒன்றின் வழியே எக்ஸ்சேஞ்சு மற்ற மென்பொருளைக் கலந்துகொள்ளும்: "இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்கும். மற்றொன்றின் வழியே வெளி மென்பொருள் எக்ஸ்சேஞ்சைக் கவனிக்கவும் ஏவவும் முடியும். வாடிக்கைக்காரர் ஒருவர் அழைக்கும்போது, மணி அடிக்கும் கணத்திலேயே அவர் பெயரும், அவர் சென்ற வாரம் கேட்ட பொருளும் ஊழியரின் திரையில் தோன்றுவது இவ்வாறுதான். பூட்டிய பெட்டியில் இதைச் செய்ய, பெட்டி விற்றவரின் தயவு வேண்டும். திறந்த எக்ஸ்சேஞ்சில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். உரையாடல்களைப் பதிவு செய்யவும் இயலும். ஆனால் பேசுபவருக்கு முன்கூட்டி அறிவித்துவிட்டே பதிவு செய்வது நாகரிகம். பல நாடுகளில் சட்டமும் அதுவே.

சாவி நம் கைக்கு வந்தால் காவலும் நம்முடையதே. புதிதாக அமைப்பவர்கள் முதலில் காணும் தொல்லை, ஒருவர் குரல் கேட்க, மற்றவர் குரல் கேட்காமற் போவது. அலுவலகத்துக்குள் இருக்கும் கருவிகளுக்கு உள் முகவரி ஒன்று உண்டு. வெளியுலகத்துக்கு அது விளங்காது. கருவி தன் அழைப்பிதழில் அந்த உள் முகவரியையே எழுதிவிட்டால், ஊரும் தெருவும் எழுதாமல் "மாடி அறை" என்று மட்டும் எழுதிய கடிதம் போல் ஆகிவிடும். பதில் குரல் வழி தெரியாமல் போய்விடும். எக்ஸ்சேஞ்சுக்கு அலுவலகத்தின் வெளி முகவரி இன்னதென்று சொல்லிவைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை தீரும்.

இரண்டாவது தொல்லை திருடர்கள். இணையத்தை எட்டும்படி வைத்த எக்ஸ்சேஞ்சுகளைத் தேடி, 101-க்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருக்கிறார்களா என்று இடைவிடாமல் சோதிக்கும் நிரல்கள் உலவுகின்றன. உள்ளே நுழைந்துவிட்டால், அலுவலகம் பூட்டியிருக்கும் விடுமுறை இரவில் தொலைநாட்டு விலையுயர்ந்த எண்களை அழைத்துக்கொண்டே இருக்கும். அந்த எண்களின் கட்டணத்தில் பங்கு திருடர்களுக்குப் போகும். பில் அலுவலகத்துக்கு வரும். நீண்ட கடவுச்சொல், தேவையற்றோருக்கு வெளிநாட்டு அழைப்பை அடைத்துவைத்தல், தவறான கடவுச்சொல்லோடு பலமுறை தட்டும் முகவரியைத் தடுத்தல், மென்பொருளின் புதிய திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுதல் என்னும் நான்கையும் தவறாமல் செய்தால் பெரும்பாலான திருடர்கள் வேறு வாசலைத் தேடிப் போவார்கள்.

மூன்றாவது, மின்சாரம். பழைய டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் மின்கலங்களிலிருந்து கம்பி வழியே வந்தது. ஊரே இருளில் கிடந்தாலும் டெலிபோன் வேலை செய்தது. இணைய டெலிபோன் அப்படியன்று. அலுவலகத்தில் மின்சாரம் போனால் அதுவும் மௌனமாகிவிடும். எனவே கணினிக்கும் ரூட்டருக்கும் கருவிகளுக்கும் யு.பி.எஸ். வைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றை இறுதியில் சொல்லவேண்டும். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள் அறையிலிருந்த டெலிபோனை எடுத்தாள். ஆபத்து நேர்ந்தால் 911 என்ற எண்ணை அழுத்தவேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அழுத்தினாள். அழைப்புப் போகவில்லை. மறுபடியும் அழுத்தினாள். நான்கு முறை முயன்றாள். நான்கு முறையும் பயனில்லை. அந்த விடுதியில் வெளியே அழைக்க முதலில் 9 என்ற எண்ணை அழுத்தவேண்டும். அது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார்.

அந்த விடுதியின் எக்ஸ்சேஞ்சு பழுதாகவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். தனக்குச் சொல்லிவைத்ததையே அது செய்தது. வெளித்தொடருக்கு 9 என்று எழுதியவர்கள், "911 என்று நேரே வந்தாலும் உடனே வெளியே அனுப்பு" என்ற மற்றொரு கட்டளையை எழுதியிருக்கவில்லை. அந்தத் தாயின் பெயரால் காரி சட்டம் என்று ஒரு சட்டம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் நிறைவேறியது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதிக்குப் பிறகு அந்நாட்டில் அமைக்கப்படும் பல தொடர் டெலிபோன் முறை எதிலும், முன் எண் எதுவும் இல்லாமலே 911-ஐ அழைக்க இயலவேண்டும் என்று அது விதிக்கிறது. அழைப்பு நிகழ்ந்ததை வரவேற்பு மேசை போன்றதோர் இடத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றும் சொல்கிறது.

பூட்டிய பெட்டியாயினும் திறந்த மென்பொருளாயினும் இந்தக் கட்டளையை ஒரு மனிதர்தான் எழுதவேண்டும். வேற்றுமை ஒன்று உண்டு. பூட்டிய பெட்டியில் அது எழுதியிருக்கிறதா என்று அலுவலகத்தார் தாமே பார்த்து அறிவது எளிதன்று. திறந்த எக்ஸ்சேஞ்சில் கோப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் அக்கணமே எழுதிவிடலாம். தெரிந்துகொள்ள வழியிருந்தும் பார்க்காமலிருந்தவருக்கு, கம்பெனியின் மேல் பழி போட இடமில்லை. திறந்த மென்பொருள் தரும் சுதந்திரத்தின் விலை இதுவே.

மாணவர்கள் இதைக் கற்கப் பெரிய முதல் வேண்டியதில்லை. வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்றும், இரு கைப்பேசிகளும் போதும். கணினியில் லினக்ஸையும் ஆஸ்டரிஸ்கையும் நிறுவுங்கள். கைப்பேசிகளில் மென்பொருள் டெலிபோனை ஏற்றி, 101, 102 என்று பதிவு செய்யுங்கள். வெளித்தொடர் எதுவும் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே பேசிப்பாருங்கள். முதல் முறை மணி அடிக்காது. பதிவேட்டைப் படித்துத் தவற்றைக் கண்டுபிடியுங்கள். மணி அடிக்கும், ஆனால் குரல் கேட்காது. அதையும் கண்டுபிடியுங்கள். கடைசியில் அடுத்த அறையிலிருந்து தம்பியின் குரல் தெளிவாகக் கேட்கும்போது, நியூ ஹேவனில் தொடங்கிய ஒரு கலையின் சூட்சுமம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பிறகு ஒரு நாள் ஓர் அலுவலகத்துக்கோ, பள்ளிக்கோ, மருத்துவமனைக்கோ எக்ஸ்சேஞ்சு அமைக்கும் பொறுப்பு உங்களுக்கு வரலாம். அப்போது மேலதிகாரியின் மேசைக்கு எந்த எண் என்பதை எழுதுவதற்கு முன்னால், அவசர உதவிக்குரிய எண்ணை எழுதுங்கள். எழுதியதோடு நில்லாமல், உரியவர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மாடியிலிருந்தும் அழைத்துச் சோதித்துப் பாருங்கள். அந்த இடத்தின் வழக்கம் ஏதும் அறியாத ஒரு குழந்தை டெலிபோனை எடுத்தாலும் அழைப்புப் போய்ச் சேரவேண்டும். அதன் பிறகு மற்ற எண்களை எழுதிக்கொள்ளலாம்.